கீழே விட்ட கை

"வாயைத் திறவுங்கோ... இஞ்சாருங்கோ, ஒரு துளிதான். உங்கடை வயல் மண்," என்று சொல்லிக்கொண்டே இராசேஸ்வரி கரண்டியைப் புருஷனின் உதட்டில் சரித்தாள்.

மண் கரைத்த தண்ணீரில் பாதி உள்ளே போயிற்று. மீதி கடைவாயால் வழிந்து கழுத்துக்கு இறங்கியது. வீரகத்தியின் தொண்டைக்குமிழ் ஒருமுறை ஏறி இறங்கி நின்றது. கட்டிலைச் சுற்றி நின்றவர்களின் மூச்சும் அதோடு நின்றது. யாரோ தேவாரத்துக்குத் தொண்டையைச் செருமினார்கள். அப்போதுதான், அரிவாள் தீட்டுவது போன்ற இரைச்சலோடு போன மூச்சு திரும்பி வந்தது.

"மண்ணாசை இல்லை," என்று பத்மாசனி தீர்ப்புச் சொன்னாள்.

பத்மாசனி வீரகத்திக்குப் பெரியப்பாவின் மகள். நெளுக்குளத்தில் யாருக்காவது உயிர் போகாமல் இழுபறிப்பட்டால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். எந்த ஆசை உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது என்று கண்டு, அதையே கரைத்து வாயில் ஊற்றி அனுப்பி வைப்பதில் கைராசிக்காரி. மண்ணாசைக்கு மண் தண்ணீர், பொன்னாசைக்கு மோதிரம் உரைத்த பால், பிள்ளை ஆசைக்குப் பிள்ளையின் விரலால் தேன். வீரகத்தி மட்டும் முந்தின நாள் காலையிலிருந்து அவளுக்குப் பிடிகொடுக்கவில்லை. மோதிரம் தோற்றுவிட்டது. பிள்ளைகள் கிடையாது. முன்னாள் புகையிலை வியாபாரி ஆயிற்றே என்று ஒரு நறுக்கைத் தேனில் தோய்த்து உதட்டில் வைத்தும் பார்த்தாயிற்று. அவர் அதைத் துப்பவுமில்லை, சப்பவுமில்லை.

"அந்தக் கையைப் பாருங்கோவன்," என்றார் பக்கத்து வயல்காரர் ஐயாத்துரை. "திரும்பக் கீழ விழுந்திட்டுது."

இடப்பக்கம் முழுவதும் செயலற்றுக் கிடந்த உடம்பில் வலது கை ஒன்றுதான் மிச்சம். அது கட்டில் விளிம்பால் நழுவி, நிலத்துக்கு ஒரு சாண் மேலே தொங்கியது. விரல்கள் மெல்ல விரிந்து மெல்ல மடங்கின. இராசேஸ்வரி அதை எடுத்து நெஞ்சின் மேல் வைத்தாள். கொஞ்ச நேரம் கிடந்தது. பிறகு, யாரும் பார்க்காதபோது வெளிக்கிடுகிறவனைப் போல மறுபடியும் நழுவிக் கீழே போயிற்று.

"நிலத்தைக் காட்டுறான்," என்றாள் பத்மாசனி. "கீழ என்னவோ தாட்டு வச்சிருக்கிறான்."

ஐயாத்துரையின் கண் சட்டென்று சாணி மெழுகிய தரைக்குப் போய், தன் நிலையை உணர்ந்து கூரைக்குத் திரும்பியது.

கதவு நிலையில் சாய்ந்து நின்ற செல்வநாயகத்துக்கு அந்தக் கை என்ன கேட்கிறது என்று தெரியும். அந்த வீட்டில் அது தெரிந்தவர் தான் ஒருவரே என்றுதான் அவர் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தார். அவர் வீரகத்தியின் தம்பி. வவுனியாக் கடைத்தெருவில் வெற்றிலை புகையிலைக் கடை. ஐம்பது வயது. அவரிடம் வாய் கொடுத்து மிஞ்சியவர்கள் மன்னாரில் இருவர், வவுனியாவில் ஒருத்தி. அந்த ஒருத்திதான் நாய் நோனா.

செத்துப்போன ரயில்வே கார்ட் ஒருவரின் மனைவி, பறங்கிக் கிழவி. துரைமார் கப்பலேறியபோது விட்டுப்போன நாய்கள், மாற்றலாகிப் போன உத்தியோகத்தர் கட்டிய கட்டோடு மறந்துபோன நாய்கள், தண்டவாளத்தில் கால் போன நாய்கள், எல்லாவற்றுக்கும் அவளுடைய வளவுதான் மடம். நெல் மூட்டைக்குக் காவலாக ஒரு நாய் வேண்டும் என்று எட்டு மாதத்துக்கு முன் வீரகத்தி அங்கே போனார். அண்ணை ஏமாந்துவிடக் கூடாதே என்று செல்வநாயகமும் கூடப் போனார்.

நோனா விலை சொல்லவில்லை. விலை சொல்லாதவளிடம் எதைக் குறைத்துக் கேட்பது? செல்வநாயகம் வாழ்க்கையில் முதல்முறையாகக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அதற்குள் அவள் இவர்களை மதிப்பிடத் தொடங்கிவிட்டாள். வீட்டில் யார் குடிப்பது, யார் கை நீட்டுவது, யாருக்குச் சத்தமான தொண்டை? அதோடும் விடவில்லை. அடுத்த கிழமை வண்டி கட்டிக்கொண்டு நெளுக்குளத்துக்கே வந்து, தண்ணீர்ப் பானையைத் திறந்து பார்த்து, கிணற்றுக் கட்டின் உயரத்தைக் கைத்தடியால் அளந்து பார்த்தாள்.

"என்னைப் பொம்பிளை பாக்க வந்ததுகள் கூட இவ்வளவு பாக்கேல்லை," என்றாள் இராசேஸ்வரி.

நோனாவின் வளவில் பதினைந்து நாய்கள் குரைத்து, குழைந்து, மேலே பாய்ந்தன. வீரகத்தி அவற்றையெல்லாம் விலக்கிக்கொண்டு போய், வேலி மூலையில் ஒதுங்கி நின்ற குள்ளமான ஒன்றைக் காட்டினார். கம்பி மாதிரி முடி, முகமெல்லாம் மீசை. டெரியர் சாதி என்றாள் நோனா. பூட்டிய பங்களாவுக்குள் நான்கு நாள் கிடந்ததைக் கதவை உடைத்து எடுத்தார்களாம்.

"என்ன அண்ணை இது? கழிவுச் சரக்கு."

"பொறடா. மற்றதெல்லாம் தன்னைத் தானே விக்க நிக்குது. இது ஒண்டுக்குத்தான் விலைப்பட விருப்பமில்லை. அப்பிடியெண்டால் உள்ளுக்கு ஏதோ இருக்கு."

நோனா கடைசியாக ஒரு பாடம் சொல்லிவிட்டாள். "கூப்பிட வேணாம். தூக்க வேணாம். கை மட்டும் கீழ விட்டுப் படுங்க. பார்க்கவும் கூடாது. அதுக்கு மனசு வந்தா, வரும்."

வந்த அன்றே அது கட்டிலுக்குக் கீழே போய், சுவரோரம் அடுக்கியிருந்த விதைநெல் மூட்டைகளுக்குப் பின்னால் குடியேறிவிட்டது. வீடு வெறுமையாக இருக்கும்போது வெளியே போய் வரும். தட்டில் சோறு வைத்தால், ஆள் நகர்ந்த பிறகு தின்னும். கூப்பிடக் கூடாத நாய்க்குப் பெயர் எதற்கு என்று பெயரும் வைக்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டதும் வீரகத்தி கட்டிலில் கூரையைப் பார்த்தபடி படுத்து, வலது கையைக் கீழே விடுவார். சந்தையில் நான்கு கடைக்கு அப்பாலும் கேட்கிற தொண்டைக்காரர், ஒரு மணி நேரம் இருமாமல் கிடப்பார். எட்டு மாதத்தில் ஒரே ஒருநாள் தம்பியின் கடைக்கு சைக்கிளில் வந்து, ஆட்கள் நிற்பதையும் பாராமல் சொன்னார். "நேற்று ஒரு மூச்சுப் பட்டதடா. விரல் நுனியிலை. சுடச்சுட." கடை திறந்த நாளில்கூட அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை செல்வநாயகம் பார்த்ததில்லை.

ஆறு நாளுக்கு முன், நாய் இரண்டு நேரம் தின்னவில்லை என்று தரையில் கன்னத்தை வைத்துக் கட்டிலுக்குக் கீழே பார்த்த வீரகத்தி பிறகு நிமிரவில்லை. பரியாரியார் நாடி பார்த்துவிட்டு, செருப்பைத் தேடத் தொடங்கினார். அன்று பொழுதுபட நாய் ஊளையிட்டது. அந்த வீட்டில் அது வாய் திறந்ததே அன்றுதான். "யமனுக்கு ஆளைக் கேக்குது," என்றாள் பத்மாசனி.

கேட்க விட்டால்தானே? அடுத்த நாள் விடிய, கருவாட்டுக்கு மன்னார்ப் பக்கம் போகும் லொறியைச் செல்வநாயகம் ஒழுங்கையில் நிறுத்தினார். எட்டு மாதம் ஒருவர் கையிலும் அகப்படாதது, சாக்குக்குள் மட்டும் சண்டையில்லாமல் போயிற்று. நோனாவிடம் திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஆனால் அவள் கேள்வி கேட்பாள். செட்டிகுளத்துக்கு அப்பால், வீடு வாசல் இல்லாத இடத்தில் இறங்கிச் சாக்கை உதறினார். அது றோட்டு நடுவில் நின்று நடுங்கியது. லொறி புறப்பட்ட பிறகும் அப்படியே நின்றது.

கண்ணில் படாத நாய் காணாமல் போனால் யாருக்குத் தெரியும்? ஒருவரும் கேட்கவில்லை. கேட்டது கை மட்டும்தான். ஒரு நாள் பார்த்தார், நான்கு நாள் பார்த்தார். நேற்றுப் பொறுக்க முடியாமல் பஸ் ஏறிச் செட்டிகுளத்துக்குப் போய் வெயிலில் அலைந்தார். "மீசை வச்ச, குள்ளமான, ஒருத்தரோடையும் கதையாத ஆளோ?" என்று தேத்தண்ணிக் கடைக்காரன் சிரித்தான். "எங்கடை ஊர் விதானையாரைத் தேடுறியள் போல." இன்னொருவன் காட்டைக் காட்டினான். "சின்ன நாயெண்டால் நரி விட்டு வைக்காது, அண்ணை."

இப்போது இராசேஸ்வரி குசினியிலிருந்து தகரத் தட்டோடு வந்தாள். தட்டில் குழைத்த சோறு. குந்தியிருந்து அதைக் கட்டிலுக்குக் கீழே வைத்தாள். தட்டுத் தரையில் உரசிய சத்தத்துக்கு, மேலே தொங்கிய விரல்கள் ஒருகணம் அசையாமல் நின்றன. அவள் கையை நீட்டி, காலையில் வைத்த தட்டை இழுத்தெடுத்தாள்.

அது வெறுமையாக இருந்தது. துடைத்த மாதிரி.

செல்வநாயகம் கதவு நிலையை விட்டு ஓரடி முன்னே வந்தார்.

"எடி பிள்ளை, அந்தச் சனியனைக் கலைச்சு விடடி," என்றாள் பத்மாசனி. "சாகக் கிடக்கிறவன்ரை கட்டிலுக்குக் கீழ நாய் கிடக்கிறதே?"

"அது ஆருக்கும் முகம் காட்டாது, அக்கா. தன்ரை பாட்டிலை கிடக்கட்டும்."

அவள் பின்னாலேயே செல்வநாயகம் குசினிக்குப் போனார். புகை கண்ணைக் கரித்தது. நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

"அண்ணி, நான் ஒண்டு சொல்லவேணும்."

"சொல்லாதேங்கோ, தம்பி." அவள் தட்டைக் கழுவத் தொடங்கினாள். "அண்டைக்கு விடிய, கொடியிலை காய்ஞ்ச சாக்கை எடுத்துக்கொண்டு போனியள். திருப்பிக் கொண்டுவந்து போடேல்லை."

பொய் சொல்லி வளர்ந்த வாய்தான். அதைச் செல்வநாயகம் கேள்வி கேட்கத் திருப்பினார்.

"அப்ப ஏன் சோறு வைக்கிறியள்?"

"அவருக்குக் காது நல்லாக் கேக்குது. நேரத்துக்குத் தட்டுச் சத்தம் கேக்காட்டி விளங்கிப்போடும்."

"பிறகு நீங்களே எடுத்துக் கொட்டிறியள்."

அவள் கழுவுவதை நிறுத்தினாள். "வைக்கிறது நான். வெறுமையாக்கிறது நானில்லை."

"எலியாக்கும்."

"ஓம். எலியாக்கும்," என்றாள் அவள், வாடிக்கையாளருக்கு விட்டுக்கொடுக்கிற மாதிரி. பிறகு சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "நான் பக்கத்திலை இருந்து அந்தக் கையைப் பிடிச்சால் உருவிப்போட்டுக் கீழ விடுறார், தம்பி. இருபத்தாறு வருசம் கட்டி இருந்தவள் நான். என்னை வழியனுப்பச் சொல்லிக் கேக்கேல்லை அந்த மனுசன்."

வெளியே பத்மாசனி யாருக்கோ, கோயில் தீர்த்தம் எடுத்து வரச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஒரு மூச்சு விரலிலை ஒருக்காப் பட்டால் போதும் அவருக்கு," என்றாள் இராசேஸ்வரி. "ஆரெண்டு குனிஞ்சு பாக்கப்போறாரே?"

அவள் பார்த்த பார்வையை விளங்கிக்கொள்ளச் செல்வநாயகத்துக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எனக்கு ஐம்பது வயது, அண்ணி."

"சாக்கைக் கட்டேக்கை எத்தினை வயது?"



அவள் அறைக்குத் திரும்பிப் போய், "அக்கா, எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்தி வச்சிருக்கு. போய்க் குடியுங்கோ. எனக்கு இவரோடை கொஞ்ச நேரம் இருக்கவேணும்," என்றாள்.

"இருக்கத்தானே வேணும்," என்று பத்மாசனி எழுந்தாள். "ஆனால் அழாதை, சொல்லிப்போட்டன். அழுதால் அவன் இன்னும் ரெண்டு நாள் நிப்பான்."

கதவு சாத்தப்பட்டது. யன்னலால் விழுந்த வெயில் கட்டில் காலில் முடிந்து, அதற்குக் கீழே இருட்டாக இருந்தது. செல்வநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிலத்தில் படுத்தார். வயிறு சட்டத்தில் சிக்கியது. மூச்சை இழுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். தூசு, பழைய நெல், அதோடு ஒரு ஈர மயிர் வாசனை. முழங்கை ஒரு குழியில் இறங்கியது. மெழுகிய தரையைப் பிறாண்டித் தோண்டி, ஒரு சிறு உடம்பு சுருண்டு படுக்கிற அளவுக்கு ஆக்கிய குழி. ஐந்து நாளாய் வெறுமையாகக் கிடந்த குழிக்குச் சூடு இருக்கக் கூடாது. தன் முழங்கைச் சூடுதான் என்று அவர் தனக்கே சொல்லிக்கொண்டார்.

கை முகத்துக்கு நேரே தொங்கியது. விரல்கள் விரிந்தன, மடங்கின.

ஊதிப் பார்த்தார். விரல்கள் நின்றன, ஆனால் நம்பவில்லை. அண்ணையை ஏமாற்றுவது ஒருநாளும் சுலபமாக இருந்ததில்லை. செல்வநாயகம் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்திலிருந்த தண்ணீர்ச் சிரட்டையில் விரலைத் தோய்த்து மூக்கு நுனியை நனைத்தார். வாடிய வெற்றிலைக்கு முப்பது வருடமாய்த் தண்ணீர் தெளித்துப் புதுச் சரக்காக்கிய கை அது. கழுத்தை நீட்டி, நனைந்த மூக்கை அந்த விரல் நுனியில் வைத்தார்.

கை திடுக்கிடவில்லை.

அது காத்திருந்தது. பிறகு, விலை கேட்டால் ஓடிவிடுகிற ஒருவனிடம் பேசுவது போல மெல்ல, மிக மெல்ல நகரத் தொடங்கியது. மூக்கின் மேலே. மீசையில் கொஞ்சம் தங்கியது. முள்ளாய்க் குத்தும் மீசை, அதில் குறை சொல்ல முடியாது. கன்னத்தால் போய்க் காதைத் தொட்டது. காதின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி, சோணையில் நின்றது.

அங்கே ஒரு துளை இருந்தது. சின்ன வயதில் கடுக்கன் போட்டுத் தூர்ந்துபோன துளை. பொய் நிறை நிறுத்தபோதெல்லாம், கலப்படம் செய்தபோதெல்லாம் அண்ணை பிடித்துத் திருகிய சோணை.

விரல் அந்தத் துளையின் மேல் அப்படியே இருந்தது.

செல்வநாயகம் கண்களை இறுக்கி மூடிக்கொண்டார். இப்போது திருகுவார் என்று நினைத்தார். திருகட்டும் என்று நினைத்தார். மேலே மூச்சு ஒருமுறை அறுத்துக்கொண்டு போய் வந்தது. விரல் சோணையை விட்டது. காதுக்குப் பின்னால் போய், நகத்தால் மெல்லச் சொறிந்தது. ஒருமுறை. இன்னொருமுறை. மூன்றாவதன் பாதியில் நின்றது. கையின் பாரம் முழுவதும் அவர் கழுத்தில் இறங்கியது.

"இஞ்சாருங்கோ," என்றாள் இராசேஸ்வரி மேலே. பதில் எதிர்பார்க்காத குரல்.

பிறகு அவள் போய்க் கதவைத் திறந்தாள்.

வெளியேறி வர அவருக்கு நேரமிருந்தது. அவர் வரவில்லை. உடம்பு கேட்கவில்லை என்று சொல்லலாம். வயிறு சிக்கியது என்றும் சொல்லலாம். பாதங்கள் உள்ளே ஓடி வந்தன. பத்மாசனியின் வெடித்த குதிகால்கள், ஐயாத்துரையின் சேறு காய்ந்த விரல்கள், இன்னும் யார் யாரோ. "என்ரை ராசா" என்று பத்மாசனி எடுத்த ஓலத்தில் கூரையே நடுங்கியது. யாரோ தொங்கிய கையைத் தூக்கி எடுத்தார்கள். அவர் கழுத்து குளிர்ந்தது.

"எங்கை அவன் செல்வம்? கொள்ளி வைக்கிறவன் எங்கை?"

"வெளியிலை எங்கையேன் நிண்டு அழுவான். விடுங்கோ."

"ஐயாத்துரை, முதல் கீழ கிடக்கிற நாயைக் கலையும். பிரேதத்துக்குக் கீழ கிடந்து அது பிறகு குறுக்கால ஓடினால் ஊருக்கே கூடாது. அந்தத் தும்புத்தடியை எடுத்துக் குத்தும்."

தடி கட்டிலுக்குக் கீழே நுழைந்தது. தரையைத் தட்டிக்கொண்டு வந்து செல்வநாயகத்தின் இடுப்பில் இடித்தது. அவர் பல்லைக் கடித்தார்.

"அக்கா, பெரிசா என்னவோ முட்டுது."

"சோறு போட்டு வளத்தால் பெருக்காதே? ஓங்கிக் குத்தும்."

இராசேஸ்வரியின் பாதங்கள் வந்தன. தடிக்கும் கட்டிலுக்கும் நடுவில் அவை நின்றன. "விடுங்கோ ஐயாத்துரை அண்ணை. அது பயந்தது. நீங்கள் எல்லாரும் போனாப் பிறகு தானா வரும்."

தடி திரும்பிப் போயிற்று. அவள் பாதங்கள் மட்டும் அசையாமல் நின்றன. செல்வநாயகம் முழங்காலை மடக்கி, இன்னும் உள்ளே, நெல் மூட்டைகளில் முதுகு படும்வரை நகர்ந்தார். மேலே ஒப்பாரி ஏறி, சற்றுத் தணிந்தது. அந்தத் தணிவில்தான் ஓர் இரைப்புக் கேட்டது. சின்னதாக, வேகமாக. தன்னுடையதுதான் என்று நினைத்து அவர் மூச்சை அடக்கினார்.

மூட்டைகளுக்குப் பின்னால் அந்த இரைப்பு ஓயவில்லை.